ஷூவா, சாண்டலா, செருப்பா? புதுச்சேரி, கடலூர் பக்கம் சுற்ற எது தோது

புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காலணி பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "நிறைய நடக்கணுமா?" என்பதுதான். நடை ஒன்றும் பெரிதில்லை. கடற்கரைச் சாலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆரோவில்லில் மாத்ரி மந்திரைப் பார்க்கும் இடத்துக்குப் பார்வையாளர் மையத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். கேட்க வேண்டியது வேறொன்று. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கும்?

காலையில் மணக்குள விநாயகர் கோயில். வாசலில் கழற்ற வேண்டும். அங்கிருந்து சில நிமிட நடையில் அரவிந்தர் ஆசிரமம். அங்கேயும் கழற்ற வேண்டும். மதியம் சித்தி வீட்டில் சாப்பாடு என்றால் திண்ணையோரம் கழற்ற வேண்டும். சாயங்காலம் மணலில் இறங்கக் கழற்ற வேண்டும். மறுநாள் கடலூர்ப் பக்கம் வந்தால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர், திருவந்திபுரம், வடலூர் சத்திய ஞான சபை, அப்படியே சிதம்பரம் என்று நாள் முழுக்க வாசல்தான். வெளிநாட்டுச் சுற்றுலாவை மனதில் வைத்து எழுதப்படும் 'பயணத்துக்குச் சிறந்த ஷூ' பட்டியல்கள் நமக்குப் பாதிதான் உதவும். அவற்றில் மெத்தை எவ்வளவு, எடை எவ்வளவு என்று இருக்கும், கழற்றி மாட்டும் கணக்கு இருக்காது.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஜோடிதான் என்றால் ரப்பர் அடிப்பாகம் உள்ள, குதிகாலைச் சுற்றி வார் போட்ட சாண்டல். நம் ஊர்க் கடைகளில் 'ஃப்ளோட்டர்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, அந்த வகை. ஆனால் எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் அது சரிவராது. எங்கே தோற்கிறது என்பதையும் பார்க்கத்தான் மற்றவற்றோடு வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஷூ

காலைத் தாங்கும் விஷயத்தில் நல்ல ஷூவை மிஞ்ச ஒன்றும் இல்லை. குதிகாலைச் சுற்றியிருக்கும் கெட்டியான பகுதி பாதத்தை உள்ளே வெளியே சாய விடாமல் பிடிக்கிறது. லேஸைக் கட்டிவிட்டால் விரல்களால் எதையும் பற்றிக்கொண்டு நடக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் யார் மிதித்தாலும் கால்விரல் தப்பிக்கும். வாடகை ஸ்கூட்டரில் சுற்றுகிறவர்களுக்கும் மூடிய ஷூதான் பாதுகாப்பு, கியர் வண்டி என்றால் சந்தேகமே வேண்டாம். பெங்களூரிலிருந்து ராத்திரி ஏ.சி. பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் குளிரும் தாங்கும்.

வாசல்களில்தான் ஷூ தோற்கிறது. லேஸை அவிழ்த்து, சாக்ஸை உருவி, உள்ளே திணித்து, திரும்பி வந்து ஈரக் காலைத் துடைத்து மாட்டுவதற்குள் கூட வந்தவர்கள் பிரசாதம் வாங்கி முடித்திருப்பார்கள். சாக்ஸோடு உள்ளே போகலாம்தான். ஆனால் கோயில் தரையில் அபிஷேகத் தண்ணீரும் விளக்கெண்ணெயும் இருக்கும், அதே சாக்ஸை மறுபடி ஷூவுக்குள் நுழைத்தால் அன்றைக்கு ராத்திரி அறையில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் ஷூதான் என்று முடிவானால் சீக்கிரம் காயும் செயற்கை இழை கலந்த சாக்ஸ் நல்லது.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. சாதாரண லேஸை எடுத்துவிட்டு எலாஸ்டிக் லேஸ் கோத்தால் எந்த ஷூவும் காலை நுழைத்து மாட்டுகிற ஷூவாகிவிடும். பலர் செய்வது வேறு. பின்பக்கத்தை மடக்கி மிதித்துச் செருப்பு போல இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். எதற்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அந்தக் குதிகால் பிடிப்பே இரண்டு நாளில் போய்விடும்.

வெள்ளை ஷூ பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னணியாக வைத்துப் படம் எடுக்க வெள்ளை ஷூ அழகுதான், மறுக்கவில்லை. அதே ஷூவோடு ஆரோவில் போனால் செம்மண் ஏறி, சாயங்காலம் வேறு நிறத்தில் திரும்பும். வலைத்துணி மேற்பாகம் என்றால் தூசி உள்ளேயே போகும், தேய்த்தாலும் முழுதாகப் போகாது. படம் முதல் நாள் எடுத்துவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் தெரிந்திருக்கும். ராத்திரி கழிவறைக்குப் போக ஷூவை மாட்டுவது ஒரு வேலை, அந்த ஈரத் தரையில் துணி ஷூ நனைவது இரண்டாவது வேலை.

பின்வார் சாண்டல்

இதில் தேர்வு செய்ய நிறைய இருக்கிறது, கோட்டை விடவும் நிறைய இருக்கிறது. பார்க்கச் சாண்டல் போல இருப்பதெல்லாம் சாண்டல் வேலை செய்யாது.

முன்பாதம், மேற்பாதம், குதிகால் என மூன்று இடத்திலும் வாரைத் தனித்தனியாக இறுக்கித் தளர்த்த முடிய வேண்டும். நாள் முழுக்க நடந்தாலும், பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாலும் பாதம் கொஞ்சம் வீங்கும். காலையில் சரியாக இருந்த வார் சாயங்காலம் பதியும். அப்போது ஒரு இழுப்பில் தளர்த்த முடிவது ஷூவில் இவ்வளவு எளிதல்ல. பாதம் வைக்கும் பகுதி தட்டையாக இல்லாமல் உள்வளைவு இருக்கும் இடத்தில் லேசாக மேடாகவும், குதிகால் பக்கம் கொஞ்சம் குழிந்தும் இருக்க வேண்டும். முன்பக்கத்தைவிடக் குதிகால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறவர்களுக்கு இதம்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முழுக்க நுரை மட்டும் இருந்தால் எடை குறைவாக இருக்கும், ஆனால் தேயத் தேய வழுக்கும். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையோரக் கருங்கல் பாறைகளில் ஏறிப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை, அங்கே அலை தெறித்துப் பாசி படிந்த கல்லில் எந்தச் சோலும் முழு உத்தரவாதம் தராது. அதையாவது சொல்லி வைக்கிறேன்.

வெல்க்ரோவா, பக்கிளா என்பது தனிப் பஞ்சாயத்து. கழற்றி மாட்ட வெல்க்ரோதான் வேகம். ஆனால் மணல் புகுந்தால் ஒட்டும் சக்தி குறையும், பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு தடவை தேய்த்தால் திரும்பும். பக்கிள் நெடுநாள் உழைக்கும், ஆனால் விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்கள் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து ஊசியை ஓட்டையில் நுழைக்கத் திண்டாடுவார்கள். அம்மா, அத்தைக்கு வாங்குவதென்றால் பின்வார் எலாஸ்டிக்காக இருப்பதைத் தேடுங்கள். குனியாமலே மாட்டலாம்.

குறைகள்? பொடிக்கல் உள்ளே புகும். மூன்று நாளில் வார் போட்ட இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் பாதத்தில் படம் வரைந்தது போலாகும். கொலுசு போட்டவர்களுக்கு வெல்க்ரோ எதிரி, சுடிதார் நூலையும் இழுத்துவிடும். முக்கியமாக, அழகு. கறுப்பில் பெரிய எழுத்தோடு வரும் விளையாட்டு மாடல் பட்டுப் புடவைக்குக் கீழே சகிக்காது. ஆனால் இப்போது மெல்லிய வாரில், பழுப்பு, தேன் நிறங்களில் அதே உள்வளைவும் ரப்பர் சோலும் வைத்துத் தயாரிக்கிறார்கள். பழுப்பு நிறம் வேட்டிக்கும் ஜீன்ஸுக்கும் புடவைக்கும் பொருந்தும், செம்மண் தூசியும் தெரியாது. ஒரே ஜோடி என்கிறவர்கள் கறுப்பை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

விலையும் இதற்குச் சாதகம். பாராகன், வாக்கரூ, வி.கே.சி. போன்ற நம் பக்கத்து நிறுவனங்களில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே உருப்படியான பின்வார் சாண்டல் கிடைக்கிறது. கோயில் வாசலில் யாராவது தெரியாமல் மாட்டிக்கொண்டு போனாலும் நாலாயிரம் ரூபாய் ஷூ போன துக்கம் இருக்காது. கூட்ட நாளில் டோக்கன் போடும் இடத்தில் விடுவதுதான் நல்லது. குடும்பத்து ஜோடிகளை எல்லாம் ஒரே துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் வேலையும் சீக்கிரம் முடியும்.

ரப்பர் செருப்பு

தினசரி வாழ்க்கையில் இதைத் தாண்டி எதுவும் வேண்டாம் என்பவர்கள் நிறைய. கழற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. ஆனாலும் பயணத்துக்கு இதை இரண்டாவது ஜோடியாகத்தான் சொல்வேன். செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்கின்றன. கடைக்குப் போய்வரத் தெரியாது, நாலு மணி நேரம் சுற்றினால் கெண்டைக்கால் சொல்லும். பெருவிரலிடுக்கு புண்ணாகும். தட்டையாக இருப்பதால் குதிகால் வலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மழையில் நடந்தால் பின்னால் சேற்றை வாரி அடித்து வேட்டியிலும் சுடிதாரிலும் புள்ளி வைக்கும். தங்கும் அறை, ரயில், கடற்கரை இந்த மூன்றுக்கும் பையில் ஒரு ஜோடி கிடக்கட்டும். எடையே தெரியாது.

தோல் செருப்பு

எனக்குப் பிடித்தது இது, ஆனால் இந்தக் கரையோரப் பயணத்துக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நல்ல தோல் காற்று விடும், போடப் போடப் பாதத்தின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும், எந்த உடைக்கும் மரியாதை சேர்க்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தைத்த காலணிகள் ஐரோப்பா வரை போகின்றன, தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை கடல்தான். உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த தோல் விறைத்து வெடிக்கும். ஈரக் காற்றில் பெட்டிக்குள் கிடந்தால் பூஞ்சை பூக்கும். கோலாப்பூரி போன்ற தட்டைச் செருப்புகளில் மெத்தை கிடையாது, புதிதாக இருந்தால் கடிக்கவும் செய்யும். சாயங்காலம் நல்ல உடை உடுத்தி உணவகத்துக்குப் போக, கல்யாணத்துக்குப் போக வைத்துக்கொள்ளலாம். கடலூர் சில்வர் பீச்சுக்கும் பிச்சாவரம் படகுக்கும் வேண்டாம்.

க்ராக்ஸ் வகை

குழந்தைகளுக்கு மணலில் விளையாட இதைவிட வசதி கிடையாது. தண்ணீரில் அலசி உதறினால் முடிந்தது. பெரியவர்களுக்கு நாள் முழுக்க என்றால் பாதம் உள்ளே நீந்தும், வியர்க்கும், ஈர டைல்ஸில் வழுக்கும். பின்வாரை முன்னால் தள்ளிவிட்டு நடக்காமல் குதிகாலுக்குப் பின்னால் போட்டால் ஓரளவு பிடிக்கும். அழகைப் பற்றி நான் பேசவில்லை, வீட்டுக்கு வீடு சண்டை.

ஃபேன்சி வகைகள்

பெல்லி, ஜுத்தி, பிளாட்ஃபார்ம், ஹீல்ஸ் எல்லாம் படத்துக்கு நன்றாக இருக்கும். இரண்டு விஷயங்களைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஒன்று மெட்டி. முன்பக்கம் மூடிய பெல்லியிலும் இறுக்கமான ஷூவிலும் மெட்டி பக்கத்து விரலை அறுத்துக்கொண்டே இருக்கும். மெட்டி போட்டவர்கள் கடையில் மெட்டியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும், விரல் பகுதி அகலமாக வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் திறந்த சாண்டல்தான் வழி. இரண்டாவது புடவை உயரம். ஹீல்ஸ் போட்டுக் கொசுவம் வைத்துக் கட்டிய புடவை, வாசலில் கழற்றியதும் தரையைக் கூட்டும். திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படி. இறங்கும்போது புடவை காலில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோயில் நாளில் தட்டைக்கு ஏற்ற உயரத்தில் கட்டிவிடுங்கள். உயரம்தான் வேண்டும் என்றால் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக உயர்ந்த வெட்ஜ் வகை, ஊசி ஹீலைவிட எவ்வளவோ மேல்.

கழற்றிய பிறகு

எந்தக் காலணியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பகுதி நேரம் வெறுங்காலில்தான் இருக்கப் போகிறோம். சிதம்பரம் கோயில் பரப்பு சுமார் 40 ஏக்கர், திறந்த பிராகாரத்தின் கல் வெயிலில் சுடும். காலை ஒன்பது மணிக்குள்ளோ சாயங்காலமோ போவது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வெறும் வசதிக் கேள்வி இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் சுட்டதே தெரியாது, கொப்புளத்தை ராத்திரிதான் பார்ப்பார்கள். அப்பாவோ மாமாவோ அப்படி இருந்தால் கோயிலுக்குள் தடித்த சாக்ஸோடு அழைத்துப் போங்கள், ராத்திரி பாதத்தின் அடியை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாத்ரி மந்திரின் உள்ளே போகிறவர்களுக்கு அவர்களே வெள்ளை சாக்ஸ் தருகிறார்கள். இவர்கள் விஷயத்தில் என் பொதுப் பரிந்துரையும் மாறும். மருத்துவர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருந்தால் பயணத்திலும் அதுதான், 'ஊருக்குப் போகிறோமே, நல்லதாக ஒன்று' என்று மாற்ற வேண்டாம். மிருதுவான ரப்பர் மெத்தையும் அதன் கீழே கெட்டிச் சோலும் வைத்து, பாதத்தின் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்படி செய்யப்படுவது அது. பின்வார் வைத்ததாக இருக்கட்டும். உணர்ச்சியில்லாத காலிலிருந்து வெறும் செருப்பு நழுவினால்கூடத் தெரியாது.

அளவு

கடைக்குச் சாயங்காலம் போங்கள், பாதம் முழு அளவில் இருக்கும் நேரம் அது. நின்றுகொண்டு போட்டுப் பாருங்கள். இரண்டு கால்களையும் போடுங்கள், பலருக்கு ஒரு பாதம் கொஞ்சம் பெரிது. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். ஷூ என்றால் நீளமான விரலுக்கும் நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம், அளவு பார்க்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணை நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் என்பது கால் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். 40, 41, 42 என்று வரும் ஐரோப்பிய அளவு பழைய பிரெஞ்சு முறை, 'பாரிஸ் பாயிண்ட்' என்று பெயர், ஓர் எண்ணுக்கு ஆறே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது, அதனால்தான் ஒரு கடையில் 8 சரியாக இருந்து இன்னொன்றில் இறுக்குகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் அகலம். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்து, நம்மவர் பாதம் பொதுவாக அகலம் கூடியது என்று சொன்னது. 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்றையும் முன்வைத்தது. அகலம் பற்றாமல் ஒரு எண் பெரிதாக வாங்கி, நீளம் கூடிப்போய்க் குதிகால் நழுவும் கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். வாரை அவிழ்த்து அகலத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம் என்பது சாண்டலுக்கு இன்னொரு மதிப்பெண்.

"போடப் போட லூசாயிடும் சார்" என்று கடையில் சொல்வது தோலுக்கு மட்டும், அதுவும் அகலத்துக்கு மட்டும் உண்மை. ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் இளகாது, நீளம் எதிலும் கூடாது. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கினால் அது தாங்காது. கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகும் மெமரி ஃபோம் கடையில் சொர்க்கம், ஆள் ஏறி நின்று நாலு நாள் நடந்தால் தட்டை. மிருது வேறு, தாங்குவது வேறு.

வாங்க வேண்டிய இடம் என்றால், கடலூரில் லாரன்ஸ் ரோடு, புதுச்சேரியில் நேரு வீதி. போட்டுப் பார்த்து, மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாங்கலாம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கும் ஜோடிகள் அறைக்கும் கடற்கரைக்கும் போதும், நாள் முழுக்க நடக்கும் ஜோடியை அங்கே தேட மாட்டேன்.

யாருக்கு எது

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத் தெருக்களில் சுற்றி, காபி குடித்து, படம் எடுத்து, ஸ்கூட்டரில் ஆரோவில் போய்வரும் நண்பர்கள் கூட்டத்துக்குக் கோயில் பட்டியல் கிடையாது. அவர்களுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்ட ஷூவும் ஒரு ரப்பர் செருப்பும் சரி. குடும்பத்தோடு கோயில், கடற்கரை, உறவினர் வீடு என்று வருகிறவர்களுக்குப் பின்வார் சாண்டலும், சாயங்கால உடைக்கு ஆசைப்பட்டால் ஒரு தோல் செருப்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அப்போது ஷூ ஒரு தடவை நனைந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தில் மறுநாள் காலைக்குள் காயாது. செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தாலும் பாதிதான் உறிஞ்சும். அந்த மாதங்களில் யாராக இருந்தாலும் நனைந்தாலும் பரவாயில்லாத செயற்கை வார் சாண்டல்தான்.

புதிதாக வாங்காமல் அலமாரியில் இருப்பதையே எடுத்துப் போகிறவர்கள், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரை போய் வாருங்கள். பாலியூரிதேன் சோல் போட்ட காலணி, போடாமல் சில வருடம் கிடந்தாலே காற்றின் ஈரம் பட்டு உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், நடக்கத் தொடங்கியதும் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிரும். நம் கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். சோல் உதிர ஆரம்பித்தால் பசை, தையல் எதுவும் நிற்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டு வாங்கிவிடுங்கள். வார் சோலோடு சேரும் இடத்தையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வழியில் அறுவது பெரும்பாலும் அங்கேதான்.